துபாயில் தெரிந்த வாழைத்தோட்டம்

என்ன வேலை பார்க்கிறாய் என்று திருவனந்தபுரம் சாலைக் கடைத்தெருவில் யாராவது கேட்டால் எனக்குத் தலைவலி வந்துவிடும். அப்பா அங்கே ஒரு ஜவுளிக்கடையில் கணக்கு எழுதியவர். அந்தத் தெருவில் பாதிப் பேருக்கு நான் இன்னும் கணக்குப்பிள்ளை மகள்தான். ஒருநாள் வெங்காய மண்டி அண்ணாச்சி என்னைப் பிடித்துக்கொண்டார். நானும் பொறுமையாக விளக்கினேன். வாழைத்தோட்டங்களில் கருவி நடுவோம், மழையையும் வெயிலையும் மண்ணின் ஈரத்தையும் அது அளக்கும், அதையெல்லாம் கம்ப்யூட்டரில் போட்டு அலசி, எப்போது தண்ணீர் விட வேண்டும், குலை எப்போது முற்றும் என்று விவசாயிக்குப் போனில் சொல்லுவோம் என்றேன். முழுவதையும் கேட்டுவிட்டு, "அப்ப வாழக்கொல ஏவாரமாம்மா? சொல்லியிருந்தா நானே ஆளு காட்டியிருப்பேனே" என்றார். ஆமாம் அண்ணாச்சி, வியாபாரம்தான் என்று சொல்லிவிட்டு ஆட்டோ பிடித்தேன்.

அதற்கு முன் பல வருடம் நான் ஒரு டுடோரியலில் புள்ளியியல் சொல்லிக்கொடுத்தேன். பிள்ளைகள் எல்லாரும் போனிலேயே படிக்க ஆரம்பித்ததும் டுடோரியலை மூடிவிட்டார்கள். வீட்டில் சும்மா உட்கார எனக்கு வராது. கழக்கூட்டம் பக்கம் ஒரு மாடி அறையில் இருந்த இந்தக் கம்பெனியில் ஆள் கேட்டார்கள், போனேன். எங்கள் மேலாளர் என்னைவிட வயதில் ரொம்பச் சின்னவர். நேர்காணலில், "சராசரின்னா எந்தா சேச்சி?" என்று கேட்டார். நான் பார்த்த பார்வையில் அவருக்கு அடுத்த கேள்வி வரவில்லை. வேலை கிடைத்தது. எனக்குத் தமிழும் மலையாளமும் வரும், வாயும் நன்றாகவே வரும் என்பதால் தோட்டங்களுக்குப் போய்ப் பேசுவது, செயலியில் வரும் தமிழ் வாசகங்களை எழுதுவது, இந்த இரண்டும் என் தலையில் விழுந்தன.

எங்கள் திரையில் ஒவ்வொரு தோட்டமும் ஒரு சின்னக் கட்டம். வாழை நன்றாக இருந்தால் பச்சை, தடுமாறினால் மஞ்சள், காய்ந்தால் சிவப்பு. காலையில் அலுவலகத்துக்குள் நுழைந்ததும் எல்லாரும் முதலில் பார்ப்பது அந்தத் திரையைத்தான். சாமி படத்துக்குக்கூட அதற்கப்புறம்தான் ஊதுவத்தி.

அந்தக் கட்டங்களில் ஒன்று மலையடிவாரத்து வித்துராவில் இருந்த ஒரு நேந்திரன் வாழைத்தோட்டம். அதில் பாடுபட்டவள் என்னைவிடக் கொஞ்சம் மூத்தவள். நான் அக்கா என்பேன், அவள் என்னை டீச்சர் என்பாள். அவளுடைய அப்பா அம்மா போனக்காட்டில் தேயிலை பறித்தவர்கள். எஸ்டேட் நொடித்துப்போனதும் குடும்பம் மலையிறங்கி வந்துவிட்டது. அவள் கணவர் அக்கம்பக்கத்து ரப்பர் தோட்டங்களில் பால் வெட்டுகிறவர். இவளுக்கு ரப்பர் ஆகாது. "அந்த நாத்தம் எனக்குப் புடிக்காது டீச்சரே, வாழன்னா எலையும் பூவும் காயும், எதக் கொண்டும் கறி வைக்கலாம் அல்லே" என்பாள். பல வருடமாக ஒரே நிலத்தைக் குத்தகைக்குப் பிடித்து, கல்லைப் பொறுக்கி, சாணமும் தழையும் கொட்டி, அதை மண்ணாக ஆக்கியதே அவள்தான்.

நிலத்தின் சொந்தக்காரர் துபாயில் இருந்தார். ஒவ்வொரு ஓணத்தின்போதும், அடுத்த வருடமும் குத்தகை உண்டா இல்லையா என்று அவர் வாயிலிருந்து வர வேண்டும். சுற்றிலும் எல்லாரும் ரப்பர் வைத்திருக்கிறார்கள், நீ மட்டும் ஏன் வாழைக்கு விட்டிருக்கிறாய் என்று அவருக்கு யாரோ ஓதிக்கொண்டே இருந்தார்கள். அந்த வருடம் தெளிவாகச் சொல்லிவிட்டார். ஓணத்துக்குக் குலை நன்றாக வந்தால் நிலம் இவளிடமே இருக்கும், இல்லாவிட்டால் ரப்பர் வைத்துவிடுவார். எங்கள் கருவியை நடச் சொன்னதும் அவர்தான். நிலத்தின் சர்வே எண் அவர் பேரில் இருந்ததால் எங்கள் செயலியிலும் தோட்டம் அவர் பேரில்தான் பதிவாயிற்று. அக்காவின் போனிலும் தெரியும், துபாயிலும் தெரியும்.

அக்கா இந்தச் செயலியை ஒழுங்காகப் பயன்படுத்தினாள், சும்மா சொல்லக்கூடாது. தண்ணீர் விட்டால் அமுக்குவாள், உரம் போட்டால் அமுக்குவாள், இலைப்புள்ளி வந்தால் படம் எடுத்து அனுப்புவாள். கோடை முழுக்க அவள் கட்டம் பச்சையாகவே நின்றது. பிறகு ஜூன் மாதம் இடவப்பாதி மழை தொடங்கியது. திருவனந்தபுரமே நனைந்து ஊறிக் கிடந்த அந்த நாட்களில் அவள் கட்டம் மட்டும் மஞ்சளாகி, பிறகு செக்கச்செவேலென்று ஆயிற்று.

மேலாளர் நாற்காலியோடு உருண்டு வந்தார். "சேச்சி, இது நோக்கியே! வித்துரா முழுக்கக் கொட்டுது. இந்த ஒரு இடத்துல மாத்ரம் மழை ஜீரோ. இது டிரை பாக்கெட்டாணு!"

"மழைக்கு அந்த அக்கா மேல என்ன கோபம்?" என்றேன்.

மலைப்பகுதியில் அப்படித்தான் இருக்கும், ஒரு சரிவில் பெய்யும், அடுத்த சரிவில் பெய்யாது என்று அவர் விளக்கினார். நியாயம்தான், அது நடப்பதுதான். சரி, மண்ணில் குத்திவைத்த ஈரமானி என்ன சொல்கிறது என்று கேட்டேன். அது ஈரம் என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தது, பாவம். ஆனால் மழையே பெய்யாத இடத்தில் மண் எப்படி நனையும், ஈரமானிதான் கெட்டிருக்கும் என்று எங்கள் புரோகிராம் தானாகவே முடிவுசெய்து அதை ஓரம் கட்டியிருந்தது. விண்ணிலிருந்து எடுத்த படத்தைப் பார்க்கலாமென்றால் மழைக்காலத்தில் அதில் மேகத்தைத் தவிர ஒன்றும் தெரியாது. ஒருமுறை நேரில் போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன் என்றேன். வேண்டாம், மாடல் சரியாக இருக்கிறது என்றார். அடுத்த நாள் பார்த்தால் பெங்களூரில் முதலீட்டாளர்களிடம் காட்ட 'வித்துராவின் வறண்ட திட்டு' என்று வண்ண வண்ணமாக ஸ்லைடு தயாராகிக்கொண்டிருந்தது.

இதற்கிடையில் அக்கா கூப்பிட்டாள். பின்னால் ஓ என்று மழை இரைகிறது. "டீச்சரே, கொட புடிச்சிட்டு முட்டளவு வெள்ளத்துல நிக்கேன் கேட்டோ. 'இன்று தண்ணீர் விடவும்'னு ஒங்க ஆப்பு சொல்லுது. எங்க கொண்டு விட, கடல்லயா?"

இரண்டு பேரும் சிரித்து உருண்டோம். 'இன்று தண்ணீர் விடவும்' என்பது நான் உட்கார்ந்து யோசித்து எழுதிய வாசகம் வேறு. புகாராகப் பதிந்தேன், மேலாளரிடம் சொன்னேன், பார்க்கலாம் சேச்சி என்றார்.

அடுத்த தடவை கூப்பிட்டபோது அக்கா சிரிக்கவில்லை.

"துபாய் சாரு விளிச்சாரு. கொல ஓணத்துக்கு முத்தாதாம். ஆப்பு சொல்லுதாம். ரப்பர் கன்னுக்குச் சொல்லியாச்சாம்."

"நீங்க படம் எடுத்து அனுப்பலையா?"

"அனுப்பினேன். படம் எந்தத் தோட்டத்துல நின்னும் எடுக்கலாமாம். மெசினு கள்ளம் பறயாதாம். டீச்சரே, இது போச்சுன்னா எனக்கு வேற எடம் கெடையாது. ஏன்ட்ட நேராச் சொல்லுங்க. என் வாழைக்கு ஏதாவது தீனமா? என் கண்ணுக்குத்தான் தெரியலயா?"

கண்ணெதிரே கொழுகொழுவென்று நிற்கும் வாழையைப் பார்த்து, தன் கண்ணையே சந்தேகப்படும்படி ஒரு பெண்ணை ஆக்கிவைத்திருக்கிறோமே என்று ஆத்திரமாக வந்தது. மேலாளரிடம் அனுமதி கேட்கவில்லை. போகிறேன் என்று சொல்லிவிட்டு மறுநாள் காலை ஆனவண்டியில் ஏறினேன். எங்கள் ஊரில் அரசு பஸ்ஸுக்குச் செல்லப்பெயர் அதுதான். அன்றைக்கு ஜன்னல் தார்பாய் எல்லாவற்றையும் இறக்கிக் கட்டியிருந்தார்கள். நெடுமங்காடு தாண்டியதும் இருட்டுப் பெட்டிக்குள் உட்கார்ந்து குலுங்குவதுபோல்தான் இருந்தது. வித்துராவில் இறங்கிக் குடையை விரித்தேன், விரித்த குடை அப்படியே மேல்பக்கமாக மடங்கிக்கொண்டது. வறண்ட திட்டாம்!

தோட்டத்துக்குள் நுழைந்தேன். வாழைகள் ஒவ்வொன்றும் தாட்டியாக, காற்றுக்குச் சாயாமல் கயிறு கட்டி, குலை இறங்கி நின்றன. கால் வைத்த இடமெல்லாம் சகதி. காலில் ஏறிய அட்டையைச் சுண்டிவிட்டுக்கொண்டே அக்காவின் பின்னால் போனேன். நடுவில் எங்கள் கருவி வைத்த கம்பம் நின்றது. ஒரு நிமிடம் எனக்கு அது என்னவென்றே அடையாளம் தெரியவில்லை.

ரப்பர் தோட்டங்களை மழைக்காலத்தில் பார்த்தவர்களுக்குத் தெரியும். பால் வெட்டும் இடத்தில் தண்ணீர் இறங்கினால் பால் வீணாகிவிடும். அதனால் மழை தொடங்கும்போதே ஒவ்வொரு மரத்தையும் சுற்றி பிளாஸ்டிக் தாளை மடிப்பு மடிப்பாகச் சுருக்கி, தார்ப்பசை தடவி, பின் அடித்து ஒட்டிவிடுவார்கள். மழைமறை என்று பேர். மலைச்சரிவில் மரங்கள் எல்லாம் பாவாடை கட்டிக்கொண்டு நிற்கும். எங்கள் கம்பமும் அப்படி ஒரு பாவாடை கட்டியிருந்தது. அது போதாதென்று தலையில் ஒரு தொப்பி. மழைநீர் விழ வேண்டிய புனலை அப்படியே மூடி, விளிம்பில் தார் தடவி, சணல் கயிற்றால் இறுக்கிக் கட்டியிருந்தது. வேலை என்றால் அப்படி ஒரு நேர்த்தியான வேலை.

"இது யாரு செஞ்சது?" என்று கேட்டேன்.

வரப்பில் நின்ற அக்காவின் கணவர் முகமெல்லாம் மலர்ந்து முன்னால் வந்தார். "நாந்தான் டீச்சரம்மா. நட வந்தவனுவ, வெல கூடின சாதனமாக்கும், நல்லாப் பாத்துக்கிடணும்னு சொல்லிட்டுப் போனானுவ. மழ தொடங்கினப்ப மரத்துக்கெல்லாம் போட்டுட்டு வந்தேன். இது மட்டும் நனஞ்சிட்டு நிக்கு. மிச்சம் இருந்த பிளாஸ்டிக்ல இதுக்கும் ஒண்ணு போட்டேன். ஒரு சொட்டு எறங்கட்டும் பாப்போம்!"

"ஒரு சொட்டும் எறங்கல அண்ணாச்சி" என்றேன். "பெங்களூர் வரைக்கும் தெரியப்போகுது."

அக்காவுக்கு அப்போதுதான் உறைத்தது. தினமும் அந்தக் கம்பத்தைத் தாண்டிப் போகிறவள்தான். ரப்பர் ஊரில் பிளாஸ்டிக் கட்டிய கம்பம் யார் கண்ணை உறுத்தும்? தலையில் அடித்துக்கொண்டாள். "அட மனுசா! மழைய அளக்குற சாதனத்துக்கா கொட புடிச்சீரு?"

"மழைய அளக்குறதுன்னு ஏன்ட்ட யாரு சொன்னா?" அவருக்கும் ரோஷம் வந்துவிட்டது. "துபாய்ல இருந்து சாரு இது வழியாப் பாக்காருன்னு நீதானே சொன்ன? நான் கேமராவாக்கும்னு நெனச்சேன். நனஞ்சா மங்கலாத் தெரியுமே, நம்ம வாழ நல்லாத் தெரியட்டும்னுதான் கெட்டினேன்."

எனக்கு வந்த சிரிப்பு சொல்லி மாளாது. சகதியில் உட்காராத குறைதான். அக்காவும் திட்டிக்கொண்டே சிரித்தாள். அவர் மட்டும் ஒன்றும் புரியாமல், தான் பார்த்துப் பார்த்து அடித்த பின்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கினார். தொப்பி கழன்றதும் மழை புனலுக்குள் சடசடவென்று விழுந்தது.

அங்கே நின்றுகொண்டே துபாய்க்கு வீடியோவில் கூப்பிட்டேன். பாவாடையைக் காட்டினேன், புனலைக் காட்டினேன், குலையைத் தூக்கித் தூக்கிக் காட்டினேன். மனிதர் மரியாதையானவர், முழுவதையும் கேட்டார். "அதொக்கே சரி டீச்சரே. பட்சே ஆப்பில் சிவப்பாணல்லோ. பச்சையாவட்டே, அப்போ நோக்காம்."

"சார், வாழை உங்க கண்ணு முன்னாடி நிக்குது!"

"கண்ணு தெற்றிப் போகும் டீச்சரே. டேட்டா தெற்றில்லா."

தப்பாத அந்த டேட்டாவுக்குத்தான் பாவாடை கட்டிவிட்டிருந்தது சார் என்றேன். அவர் சிரிக்கவில்லை. ஓணம் முடிந்ததும் ரப்பர் கன்று வந்து இறங்கிவிடும் என்றார். அதாவது அதற்குள் அந்தக் கட்டம் பச்சையாக வேண்டும்.

திரும்பி வந்து அலுவலகத்தில் நான் போட்ட ஆட்டம் இருக்கிறதே, தேநீர் கொண்டுவந்தவர் கதவோடு திரும்பிப்போய்விட்டார். மேலாளர் முகம் சுருங்கிப்போயிற்று. வறண்ட திட்டு போச்சே என்கிற துக்கம் அவருக்கு. "சேச்சி, மீட்டிங் அடுத்த வாரமாணு" என்று முனகினார். "அப்ப அந்த ஸ்லைடுக்கும் வித்துரா அண்ணாச்சியை விட்டு ஒரு பிளாஸ்டிக் கட்டச் சொல்றேன்" என்றேன். நல்ல பையன்தான், சும்மா சொல்லக்கூடாது. உம்மென்று இருந்துவிட்டு, பிறகு உட்கார்ந்து முழு மூச்சாக வேலை செய்தார். கம்பம் மூடிக் கிடந்த நாட்களின் மழைக்கணக்கைத் தூக்கிப் போட்டுவிட்டு, பக்கத்துக் கம்பங்களின் மழையை வைத்து இட்டு நிரப்பினார். ஓரம் கட்டப்பட்ட ஈரமானியைத் திரும்பச் சேர்த்தார். எல்லாவற்றையும் மறுபடி ஓடவிட்டோம். சிவப்பு மஞ்சளாயிற்று, மஞ்சள் பச்சையாயிற்று, பச்சை கருகருவென்று ஆயிற்று. கடைசியில் அந்தக் கட்டத்தின் மேல் ஒரு நட்சத்திரமும் வந்து உட்கார்ந்தது. வட்டாரத்தில் முதல் இடத்தில் நிற்கும் தோட்டத்துக்குச் செயலி தானாகவே கொடுக்கும் நட்சத்திரம் அது. நான் கைதட்டினேன், மேலாளரும் தட்டினார்.

துபாயிலிருந்து உடனே செய்தி வந்துவிட்டது, ரப்பர் வேண்டாம் என்று. அக்கா போனில் அழுதாளா சிரித்தாளா என்று எனக்குப் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. ஓணத்துக்கு முந்தின வாரம் குலைகள் வெட்டி லாரியில் ஏறின. பாதி சாலைக் கடைத்தெருவுக்கு வந்து, உப்பேரி வறுக்கிற கடைகளுக்குப் போயிற்று. நான் வேண்டுமென்றே அந்தப் பக்கம் நடந்தேன். தேங்காயெண்ணெயில் நேந்திரன் பொரிகிற வாசம் தெருவையே தூக்கியது. வெங்காய மண்டி அண்ணாச்சியிடம் போய், "பாத்தீங்களா, எங்க சரக்கு" என்றேன். "அன்னிக்கே சொன்னேனே, வாழக்கொல ஏவாரம்னு" என்றார். எங்கள் வீட்டுக்கும் அக்கா ஒரு குலை கொடுத்துவிட்டிருந்தாள். பழுக்கப் பழுக்க அவித்துத் தின்று, வீட்டில் எல்லாருக்கும் வாழைப்பழம் என்றாலே அலுத்துவிட்டது.

துபாய்க்காரர் ஓணத்துக்கு விடுமுறையில் வந்தார். அக்கா வீட்டுக்குப் போய் ஒரு கம்பளியும் செண்ட் பாட்டிலும் கொடுத்து, சாயா குடித்து, குலைகளைப் பற்றி நல்ல வார்த்தை நாலு சொல்லிவிட்டுப் போனாராம். அதை அக்கா எனக்குப் போனில் சொன்னாள். குரல் ரொம்ப நிதானமாக இருந்தது.

"பின்னே என்னக்கா, அடுத்த வருஷமும் ஜாம் ஜாம்னு போட்டுட வேண்டியதுதான்" என்றேன்.

"வாழதான் டீச்சரே. அவரே போடுறாராம்."

எனக்குப் புரியவில்லை.

"இவ்வளவு நல்ல மண்ணுன்னு தெரியாமப் போச்சாம். நட்சத்திரம் வந்துச்சுல்லா, அதக் காட்டினாரு. எப்பத் தண்ணி, எப்ப ஒரம், ஒண்ணு விடாம எல்லாம் ஆப்புல கெடக்காம். அதும்படி செய்ய ரெண்டு ஆளு போதுமாம். எங்களையே நிக்கச் சொன்னாரு, கூலிக்கு. காலைல எங்க போன்ல என்ன வருதோ அதச் செஞ்சா போதுமாம்."

கண்மண் தெரியாமல் எனக்குக் கோபம் வந்தது. யார் மேல் என்றுதான் தெரியவில்லை. அந்த மனிதர் சட்டப்படி ஒரு தப்பும் செய்யவில்லை, சத்தமாகக்கூடப் பேசவில்லை. நேராக மேலாளரின் மேசைக்குப் போனேன். அவர் பாவம், நட்சத்திரத் தோட்டம் என்று புது ஸ்லைடு போட்டுக்கொண்டிருந்தார்.

"நிலம் அயாளுடெ பேரிலல்லே சேச்சி" என்றார்.

"மண்ணு அவர் பேர்ல இருக்கட்டும். தண்ணி விட்டது, உரம் போட்டது, எந்த மூலையில என்ன நோய் வந்ததுன்னு அந்த அக்கா நின்னு நின்னு போன்ல அமுக்கினாளே, அது யார் பேர்ல? உங்க மாடல் எங்கேருந்து படிச்சது? துபாய்லேருந்தா?"

அவர் பேனாவைத் திறந்து திறந்து மூடினார். மறுநாளும் கேட்டேன். ஒவ்வொரு கூட்டத்திலும் கேட்டேன். சேச்சி வாயைத் திறந்தாலே இதுதான் என்று அலுவலகத்தில் கேலி பேசும் அளவுக்குக் கேட்டேன். கடைசியில், போதும் சாமி என்று, புதிதாகச் சேரும் தோட்டங்களுக்கு மட்டும் மாற்றிக்கொடுத்தார்கள். பயிர் வைப்பவர் பேரில் பதியலாம், நிலத்துக்காரர் பார்க்க வேண்டுமானால் பயிர் வைப்பவர் சம்மதிக்க வேண்டும். பழைய தோட்டங்களைத் தொட முடியாது என்றார்கள். இது கிடைக்கவே கும்ப மாதம், அதாவது மாசி ஆகிவிட்டது.

அதற்குள் அக்கா தன் வழியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கூலிக்கு நிற்க மாட்டேன் என்று அப்போதே சொல்லிவிட்டாள். குத்தகை நிலத்தில் வாழைக்கன்று, பயிர் வைத்தவருக்குத்தான் சொந்தம் என்பது ஊர் வழக்கம், அதில் துபாய்க்காரரும் தகராறு செய்யவில்லை. நல்ல கன்றாகப் பார்த்துப் பெயர்த்து ஜீப்பில் ஏற்றி, போனக்காட்டுச் சாலையில் இன்னும் மேலே ஒரு சரிவான நிலத்துக்குக் கொண்டுபோய்விட்டாள். அந்த நிலத்துக்காரர் ஒரு ஓய்வுபெற்ற போஸ்ட்மாஸ்டர். போனில் வந்த அழைப்பை எடுக்கவே பேரனைக் கூப்பிடுகிறவர். எனக்கு அதுவே பெரிய நிம்மதி.

புதுக் கம்பம் நட நான் போன அன்று வெயில் மண்டையைப் பிளந்தது. நிலம் முழுக்கக் கல். பழைய இடம் தொடக்கத்தில் இப்படித்தான் கிடந்தது என்று அக்கா சொன்னாள். அவள் கணவர் கம்பத்துக்குக் குழி தோண்டிக்கொண்டிருந்தார். நாங்கள் ஒரு பலா நிழலில் உட்கார்ந்து அவள் போனைத் திறந்தோம். அவள் பேரிலேயே பதிந்தேன். உரிமையாளர் பார்க்கலாமா என்று கேட்ட இடத்தில் அவளையே அமுக்கச் சொன்னேன், இல்லை என்று அமுக்கினாள். "ஐயோ, போஸ்ட்மாஸ்டர் கோவிப்பாரோ" என்று சிரித்தாள். புதுக் கட்டம் வந்துவிட்டது. கருவி இன்னும் ஓடாததால் அதற்கு நிறம் எதுவும் இல்லை.

அதன் பக்கத்தில் இன்னொரு கட்டம் இருந்தது, மஞ்சளாக, ஓரத்தில் சிவப்பு ஏறி. பழைய தோட்டம். அவள் போன் நம்பரை அதிலிருந்து யாரும் எடுத்துவிடவில்லை.

"இது இன்னுமா வருது?"

"தெனமும் வருது டீச்சரே. தண்ணி விடவும்னு இன்னிக்கும் வந்துச்சு. நாலஞ்சு நாளா ஒரே இதுதான். அங்க ஆளு சரியில்ல, யாரும் விட மாட்டேங்கானுவ." கொஞ்சம் தயங்கினாள். "நான் சாரை விளிச்சேன்."

"நீங்களா? எதுக்குக்கா?"

"வாழ என்ன செஞ்சுது? சின்னக் கன்னு. வெயில் தாங்காது. வடக்கோரம் மணலு, அங்க மொதல்ல விடச் சொல்லுங்கன்னு சொன்னேன். செரி செரின்னு வச்சிட்டாரு."

எனக்கு அந்த இடத்தில் பயிர் கருகினால் உள்ளூரச் சந்தோஷமாகத்தான் இருந்திருக்கும். அதை அவளிடம் சொல்ல முடியவில்லை.

"இத எடுத்து விட முடியுமா டீச்சரே?" என்றாள். "காலைல எந்திரிச்சதும் இதத்தான் பாக்கேன். பாக்காம இருக்க முடியல. பாத்தா சோறு எறங்கல."

நான் கட்டத்தை அழுத்திப் பிடித்தேன். 'இந்தத் தோட்டத்தை நீக்கலாமா? நீக்கினால் மீண்டும் பார்க்க இயலாது' என்று திரையில் வந்தது. அதுவும் நான் எழுதிய தமிழ்தான். எழுதும்போது அதில் எனக்கு ஒன்றுமே தோன்றியதில்லை. விரலை வைக்க எனக்கு மனசு வரவில்லை.

"குடுங்க" என்று அவள் போனை வாங்கிக்கொண்டாள். முதலில் வேண்டாம் என்று அமுக்கினாள். கட்டத்தை இரண்டு விரலால் விரித்துப் பெரிதாக்கினாள். மேகம் இல்லாத மாதம், விண்ணிலிருந்து எடுத்த படம் துல்லியமாக இருந்தது. வாழை வரிசைகள் தெரிந்தன, கிணறு தெரிந்தது, கிணற்றடிக்குப் போகிற ஒற்றையடித் தடம்கூடத் தெரிந்தது. அந்தத் தடம் அவள் நடந்து விழுந்தது. "இங்க வாருமே" என்று கணவரைக் கூப்பிட்டாள். அவர் கையைத் துண்டில் துடைத்துக்கொண்டு வந்து குனிந்து பார்த்தார். திரும்பிப் போய்க் கடப்பாரையை எடுத்தார்.

அவள் இன்னும் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மறுபடியும் அழுத்திப் பிடித்து, கேள்வி வந்ததும், ஆம் என்பதை அவளே அமுக்கினாள்.